நெதர்லாந்தின் லெய்டனில் படிக்க வருகிறவர்களுக்கு: ரூம், சைக்கிள், கறிவேப்பிலை, இன்னும் சில

28 செப்டம்பர் 2023 – கேள்வி

அக்கா, எனக்குச் சொந்த ஊர் நாகப்பட்டினம். அடுத்த செப்டம்பரில் லெய்டனில் முதுகலை சேர விண்ணப்பிக்கப் போகிறேன். படங்களில் பார்த்தால் கால்வாய், பாலம், காற்றாலை என்று ஊரே அழகாக இருக்கிறது. ஆம்ஸ்டர்டாம் மாதிரி பெரிய ஊர் இல்லை, அதனால் ரூம் சுலபமாகக் கிடைக்கும், செலவும் கம்மி என்று நினைக்கிறேன். வந்து இறங்கிய பிறகு தேடிக்கொள்ளலாம் என்றிருக்கிறேன். சரிதானே?

29 செப்டம்பர் 2023

சரியில்லை. அழகைப் பற்றிச் சொன்னது அத்தனையும் உண்மை. ரூம் பற்றிச் சொன்னதில் எதுவும் உண்மையில்லை.

சின்ன ஊர் என்பதுதான் சிக்கலே. இங்கே படிப்பவர்கள், ஹேக்கிலும் ஆம்ஸ்டர்டாமிலும் வேலை பார்த்துக்கொண்டு இங்கே குடியிருப்பவர்கள், ஸ்டேஷனுக்குப் பின்னால் இருக்கும் பயோ சயன்ஸ் பார்க் கம்பெனிக்காரர்கள், எல்லோரும் தேடுவது அதே வீடுகளைத்தான். கால்வாய் ஓரத்துப் பழைய வீடுகளை இடித்துவிட்டு மாடி மாடியாகக் கட்டவும் முடியாது. நெதர்லாந்து முழுக்கவே வீட்டுத் தட்டுப்பாடு. ரூம் உறுதியாகாமல் கிளம்பி வராதீர்கள் என்று இங்குள்ள சில பல்கலைக்கழகங்களே வெளிநாட்டு மாணவர்களுக்கு எழுதுகின்றன. அதைச் சும்மா பயமுறுத்துவதாக நினைக்காதீர்கள். செப்டம்பரில் வந்து, நண்பர்கள் வீட்டுத் தரையில் படுத்து, நவம்பர் வரை பெட்டியைப் பிரிக்காமலே வகுப்புக்குப் போனவர்களை எனக்குத் தெரியும். முதல் பருவப் பரீட்சை அப்படித்தான் கையைவிட்டுப் போகிறது.

பல்கலைக்கழகம் வழியாக வெளிநாட்டு மாணவர்களுக்குச் சில ரூம்கள் உண்டு. அதற்குத் தனி விண்ணப்பம், தனிக் கட்டணம், பெரும்பாலும் ஓராண்டுக்கு மட்டும். விண்ணப்பம் திறக்கிற நாளிலேயே போட்டுவிடுங்கள். விசாவைவிட, விமான டிக்கெட்டைவிட இது முதல் வேலை.

29 செப்டம்பர் 2023, இரவு

இதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். ரூமைப் பார்க்காமல், உங்களுக்குத் தெரிந்த ஒருவரை அனுப்பியாவது பார்க்கச் செய்யாமல், ஒரு யூரோகூட அனுப்பாதீர்கள். "நான் இப்போது வெளிநாட்டில் இருக்கிறேன், அட்வான்ஸ் போட்டதும் சாவியைத் தபாலில் அனுப்புகிறேன்" என்று எழுதினால் அது மோசடி. படம் எவ்வளவு நன்றாக இருக்கிறதோ அவ்வளவு சந்தேகப்படுங்கள்.

இந்த ஜூலை 1 முதல் ஒரு சட்டம் வந்திருக்கிறது: அட்வான்ஸ் இரண்டு மாத அடிப்படை வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது. அதற்கு மேல் கேட்டால் வாடகைக்காரருக்கு வழக்கு சொல்ல இடம் இருக்கிறது. வாடகையே அநியாயமாகத் தோன்றினால் வாடகைத் தீர்ப்பாயம் இருக்கிறது; ரூமின் அளவு, சமையலறை, கழிப்பறை என்று புள்ளி போட்டு நியாயமான வாடகை எவ்வளவு என்று சொல்வார்கள்.

இன்னொன்று, அந்த முகவரியில் நகராட்சியில் பதிந்துகொள்ள வீட்டுக்காரர் விடுகிறாரா என்று கேளுங்கள். விடாவிட்டால் ரூம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் வேண்டாம். பதிவு இருந்தால்தான் பி.எஸ்.என். என்ற குடிமக்கள் சேவை எண் கிடைக்கும். வேலை, சம்பளம், காப்பீடு எல்லாம் அந்த எண்ணை வைத்துத்தான் ஓடுகிறது. பதியும்போது பிறப்புச் சான்றிதழ் கேட்பார்கள். ஆங்கிலத்தில் இருக்கிற சான்றிதழை வாங்கி, அதில் வெளியுறவுத் துறையின் அப்போஸ்டில் முத்திரை குத்தி, கையில் எடுத்து வாருங்கள். ஊரில் அப்பா அம்மாவை அலையவிட்டு மார்கழியில் கூரியர் போடவைக்க வேண்டாம்.

"வெற்று வீடு" என்று விளம்பரத்தில் போட்டிருந்தால் கட்டில் மேசை இல்லை என்று மட்டும் அர்த்தமில்லை. தரையே இருக்காது. பழைய ஆள் தன் பலகைத் தரையைக் கழற்றி எடுத்துக்கொண்டு போயிருப்பார், நீங்கள் சிமெண்டின் மேல் நிற்பீர்கள். திரைச்சீலையும் இருக்காது, சில வீடுகளில் விளக்கும் இருக்காது.

4 அக்டோபர் 2023

நேற்று ஊரே தூங்கவில்லை. அக்டோபர் 3 இங்கே மட்டும் விடுமுறை மாதிரி. பக்கத்து ஊரில் இருப்பவருக்கு அது வெறும் செவ்வாய்க்கிழமை.

1574இல் ஸ்பானியப் படை ஊரை முற்றுகை போட்டு, உள்ளே பசியும் கொள்ளைநோயும் ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றது. கடைசியில் இவர்களே தங்கள் அணைகளை உடைத்து, வயல்வெளியை வெள்ளக்காடாக்கி, அந்தத் தண்ணீரில் தட்டையான படகுகளை ஓட்டி வந்து ஊரை மீட்டார்கள். படகில் கொண்டுவந்தது ஹெர்ரிங் மீனும் வெள்ளை ரொட்டியும். அதை இன்றும் காலையில் பழைய எடைமண்டபத்தில் வாங்க வரிசை நிற்கிறது. ஸ்பானியர் விட்டு ஓடிய முகாமில் ஒரு அனாதைப் பையன் சூடாக ஒரு பானைக் குழம்பைக் கண்டெடுத்தான் என்று கதை. அதனால் சாயங்காலம் வீட்டுக்கு வீடு உருளைக்கிழங்கு, கேரட், வெங்காயம் சேர்த்து மசித்துச் சாப்பிடுகிறார்கள். அடுத்த வருடமே, 1575இல், ஊர் தாங்கி நின்றதற்குப் பரிசாக, ஸ்பெயினை எதிர்த்த போருக்குத் தலைமை தாங்கிய வில்லியம் இளவரசர் பல்கலைக்கழகத்தைக் கொடுத்தார் என்பார்கள்.

வந்த புதிதில் எனக்கு இதெல்லாம் சுற்றுலாக் கதை என்றுதான் தோன்றியது. இந்த வருடம் ஒரு வயதான அம்மா வரிசையில் என் முன்னால் நின்றார். மீனையும் ரொட்டியையும் துணிப்பையில் வைத்து மூடிக்கொண்ட விதம் கோயில் பிரசாதத்தை எடுத்துப்போகிற மாதிரியே இருந்தது. இந்த ஊருக்குப் பசி இன்னும் நினைவிருக்கிறது. நீங்கள் வந்தால் அந்த நாளில் ரூமுக்குள் உட்கார்ந்திருக்காதீர்கள். வாருங்கள், மீன் எப்படியும் உங்களுக்குப் பழக்கம்.

15 அக்டோபர் 2023

சைக்கிள் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஊரில் ஓட்டியிருக்கிறேன், போதாதா என்று.

ஓட்டத் தெரிவது பாதிதான். மீதி, எங்கே எப்போது எப்படி என்பது. இங்குள்ள பல சைக்கிள்களில் கைப்பிடியில் பிரேக் இருக்காது, பெடலைப் பின்னோக்கி மிதித்தால் நிற்கும். நம் கால் சும்மா பின்னால் சுழற்றிப் பழகியது, திடீரென்று சைக்கிள் நின்றுவிடும். ஆளில்லாத தெருவில் பழகிக்கொண்டு அப்புறம் சந்தைப் பக்கம் போங்கள். வளைவதற்கு முன் கையை நீட்ட வேண்டும். இருட்டினால் முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு, இல்லாவிட்டால் அபராதம். ஓட்டும்போது போனைக் கையில் பிடிப்பது 2019 ஜூலையிலிருந்து குற்றம். மழையும் ஈர இலையும் சேர்ந்தால் பாலத்துச் செங்கல் வழுக்கும், பாலத்தில் ஏறும்போது பரவாயில்லை, இறங்கும்போது கவனம்.

பூட்டு இரண்டு வேண்டும். பின் சக்கரத்தில் பொருத்திய வளையப் பூட்டு ஒன்று, கம்பியோடு சேர்த்துக் கட்டத் தடித்த சங்கிலி ஒன்று. சைக்கிளைவிடப் பூட்டுக்குக் காசு போடுகிறார்கள் என்பது இங்கே சாதாரணம். ராத்திரியில் தெருவில் யாராவது 20 யூரோவுக்கு நல்ல சைக்கிள் தருகிறேன் என்று வந்தால் திரும்பிப் பார்க்காமல் போங்கள். அது யாரோ ஒரு மாணவருடையது, வாங்குவதும் குற்றம். ஸ்டேஷனில் கண்ட இடத்தில் நிறுத்தினால் நகராட்சி தூக்கிப்போய்விடும். காசு கட்டித்தான் மீட்க வேண்டும்.

மழையைவிடக் காற்றுதான் பெரிய விஷயம். இந்தப் பக்கம் மேடே இல்லை, அதனால் காற்றைத் தடுக்கவும் எதுவுமில்லை. எல்லோர் போனிலும் மழை ரேடார் செயலி இருக்கிறது. கிளம்புவதற்கு முன் அதைப் பார்த்து, "இன்னும் 15 நிமிடம் பொறு" என்பார்கள். உண்மையிலேயே 15 நிமிடத்தில் விட்டுவிடும்.

6 நவம்பர் 2023

இன்று பகல் 12 மணிக்கு ஊர் முழுக்க அபாயச் சங்கு ஊதியது. ஒவ்வொரு மாதமும் முதல் திங்கட்கிழமை சோதனைக்காக ஊதுவார்கள். முதல் தடவை கேட்கும்போது வயிற்றைக் கலக்கும். ஓடாதீர்கள்.

19 நவம்பர் 2023

ரூம் விஷயத்துக்கே திரும்ப வருகிறேன், ஏனென்றால் முன்பு பாதிதான் சொன்னேன். பல்கலைக்கழக வழியில் கிடைக்காவிட்டால் மாணவர்கள் சேர்ந்து வாழும் வீடு ஒன்றில் இடம் தேட வேண்டும். அங்கே முடிவெடுப்பது வீட்டுக்காரர் அல்ல, ஏற்கெனவே குடியிருக்கும் பிள்ளைகள். ஒரு சாயங்காலம் பத்துப் பதினைந்து பேரை வரச்சொல்வார்கள். எல்லோரும் ஒரே சமையலறையில் காபியோ பீரோ கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். "சமைப்பாயா? சனிக்கிழமை என்ன செய்வாய்? அழுக்குப் பாத்திரத்தைப் பார்த்தால் என்ன தோன்றும்?" என்று கேட்பார்கள். பொண்ணு பார்க்க வந்த மாதிரி உட்கார்ந்து, மதிப்பெண்ணையும் ஸ்காலர்ஷிப்பையும் எடுத்துச் சொல்வதால் ஒரு பயனும் இல்லை. அவர்களுக்கு வேண்டியது கூட இருந்து சாப்பிடுகிற ஆள்.

பல விளம்பரங்களில் "டச்சு பேசுகிறவர்கள் மட்டும்" என்று எழுதியிருக்கும். அதைப் படிக்கப் படிக்க மனம் கசக்கிறது, எனக்கு இன்றும் கசக்கிறது. வெளிநாட்டு மாணவர்களிடம் பல மடங்கு கட்டணம் வாங்கும் நாடு (2023-24இல் ஐரோப்பிய ஒன்றிய மாணவருக்கு 2,314 யூரோ, நமக்கு அதைப்போல எத்தனையோ மடங்கு) அவர்களுக்குத் தலைக்கு மேல் கூரை இருக்கிறதா என்று இதைவிட அக்கறையோடு பார்க்க வேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

என் வீட்டுப் பிள்ளைகள் என்னை ஏன் எடுத்தார்கள் என்று பிறகு கேட்டேன். அன்று அடுப்பில் அவர்கள் வைத்திருந்த பருப்பு அடிப்பிடிக்கப் போவதைப் பார்த்து, பேச்சை நிறுத்தாமலே எழுந்து போய்த் தண்ணீர் ஊற்றிக் கிளறினேனாம். எனக்கு அது நினைவே இல்லை.

24 நவம்பர் 2023

தேர்தல் முடிவு பார்த்திருப்பீர்கள். குடியேற்றத்தை எதிர்க்கும் வில்டர்ஸின் கட்சி 150 இடங்களில் 37 பெற்று முதலிடம். வெளிநாட்டு மாணவர் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும் என்ற பேச்சு அதற்கு முன்பே பாராளுமன்றத்தில் நடந்துகொண்டிருந்தது. ஊரிலிருந்து எனக்குப் போன் மேல் போன்.

உங்களுக்கு உபயோகமான அளவில் சொல்கிறேன். அந்தப் பேச்சு பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடக்கும் இளங்கலைப் படிப்புகளைப் பற்றியது, முதுகலைக்கு உடனே ஒன்றும் மாறவில்லை. தெருவில் யாரும் என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் முடிவு வந்த மறுநாள் காலை பஸ்ஸில் ஏறும்போது, எதிரில் உட்கார்ந்திருப்பவர் யாருக்கு ஓட்டுப் போட்டிருப்பார் என்று மனம் கணக்குப் போடத்தான் செய்கிறது. அதை மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை. என் ஆய்வு வழிகாட்டி அன்று மின்னஞ்சலில் ஒரு வரி அனுப்பியிருந்தார்: "நாளை காபி குடிக்க வா." போனேன். அரசியல் பேசவே இல்லை, என் வரைபடத்தின் அச்சுகள் தவறு என்று கால் மணி நேரம் விளக்கினார். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

10 டிசம்பர் 2023

சாப்பாடு.

நீங்கள் பயப்படுகிற அளவுக்கு இல்லை. அரிசி, பருப்பு, புளி, மிளகாய்த்தூள் எல்லாம் லெய்டனிலேயே ஆசியக் கடைகளில் கிடைக்கும். கறிவேப்பிலை, முருங்கைக்காய், வெண்டைக்காய் என்று மனம் கேட்டால் ரயிலில் ஹேக் போங்கள், கால் மணி நேரம்கூட ஆகாது. ஹேக் சந்தை திங்கள், புதன், வெள்ளி, சனி நடக்கும். உள்ளே நுழைந்தால் மீன்காரர்கள் போடுகிற சத்தமே ஊர் ஞாபகத்தைக் கொண்டுவந்துவிடும். பாகற்காய் குவித்து வைத்திருப்பார்கள், முழ நீளப் பயத்தங்காய் கட்டுக் கட்டாகத் தொங்கும், மஞ்சள் மிளகாய் ஒன்று இருக்கும், அதைப் பாதி போட்டாலே ஒரு சட்டிக் குழம்புக்குக் காரம் போதும்.

இதெல்லாம் பெரும்பாலும் தென் அமெரிக்காவில் டச்சுக்காரர்கள் ஆண்ட சூரினாம் வழியாக வந்தது. 1873இல் லாலா ரூக் என்ற கப்பல் கல்கத்தாவிலிருந்து கூலி ஒப்பந்தத்தில் ஆட்களை ஏற்றிக்கொண்டு டச்சு சூரினாமுக்குப் போனது. அப்படிப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் 1975இல் சூரினாம் விடுதலை பெற்ற சமயத்தில் ஆயிரக்கணக்கில் நெதர்லாந்துக்கு வந்தார்கள், ஹேக்கில் நிறையப் பேர். கறிவேப்பிலை விற்கிற அம்மா என்னிடம் இந்தியில் பேசிப் பார்த்தார், நான் ஆங்கிலத்தில் பதில் சொன்னேன், கடைசியில் இருவரும் எனக்குத் தெரிந்த டச்சில் பேசினோம். ஒரு கொத்து கூடப் போட்டுக் கொடுத்தார். கூடப் போட்டுக் கொடுப்பது என்ற வழக்கத்தை அதற்கு முன் இந்த நாட்டில் நான் பார்த்ததில்லை.

கறிவேப்பிலையைக் கழுவி, துடைத்து, பிரீசரில் வைத்துவிடுங்கள். மாதக்கணக்கில் வரும்.

12 டிசம்பர் 2023

விட்டுப்போனவை. மத்தியானம் இங்கே யாரும் சூடாகச் சாப்பிடுவதில்லை. ரொட்டி, நடுவில் ஒரு சீஸ், முடிந்தது. ராத்திரிச் சாப்பாடு ஆறு மணிக்கே. ஆறரைக்கு யார் வீட்டுக் கதவையும் சொல்லாமல் தட்டாதீர்கள். சூப்பர்மார்க்கெட்டில் சாயங்காலம் போனால் அன்று தேதி முடிகிற பொருளுக்குத் தள்ளுபடி ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். புதனும் சனியும் நியூவ ரைன் கால்வாய் ஓரத்தில் சந்தை, கடை கட்டுகிற நேரத்தில் பழம் விலை இறங்கும். காலி பாட்டில், கேன் எதையும் தூக்கிப் போடாதீர்கள், சின்னதுக்கு 15 சென்ட், பெரிய பாட்டிலுக்கு 25 சென்ட் கடையில் இருக்கும் இயந்திரம் திருப்பித் தரும்.

17 ஜனவரி 2024

ஒரு வாரமாகக் காய்ச்சல், இருமல். குடும்ப டாக்டருக்குப் போன் போட்டால், எடுத்தது உதவியாளர். கேள்வி மேல் கேள்வி. கடைசியில் "பாராசிட்டமால் போடுங்கள், தண்ணீர் குடியுங்கள், சரியாகாவிட்டால் அடுத்த வாரம் கூப்பிடுங்கள்." ஊரில் என்றால் தெருமுனை கிளினிக்கில் ஒரு ஊசி, மூன்று கலர் மாத்திரை, ரெண்டு நாளில் எழுந்து நடப்போம். போர்வைக்குள் கிடந்து இதை எழுதுகிறேன். வெளியே நாலரைக்கே விளக்குப் போட்டுவிட்டார்கள்.

3 பிப்ரவரி 2024

மேலே கோபத்தில் எழுதியதை அழிக்கவில்லை, ஆனால் இதையும் சேர்த்துப் படியுங்கள். காய்ச்சல் தானாகவே போனது. தேவையில்லாமல் ஆன்டிபயாட்டிக் கொடுப்பதில்லை என்பதில் இந்த நாட்டு டாக்டர்கள் பிடிவாதமாக இருக்கிறார்கள். மருந்துக்கு அடங்காத கிருமிகளைப் பற்றித்தான் என் படிப்பே. அந்தப் பிடிவாதத்தை நான் மதிக்கிறேன். ஆனால் போனில் பேசுகிற விதம் முக்கியம். சும்மா "காய்ச்சல்" என்றால் அவர்களுக்குப் புரியாது. எத்தனை டிகிரி, எத்தனை நாள், மூச்சு வாங்குகிறதா, சாப்பிட முடிகிறதா என்று சொல்லுங்கள். "எனக்குப் பயமாக இருக்கிறது" என்று நேராகச் சொன்னாலும் தவறில்லை, அதையும் குறித்துக்கொள்கிறார்கள். வந்த வாரமே ஒரு டாக்டரிடம் பதிந்துவிடுங்கள், உடம்பு முடியாமல் போன பிறகு தேடாதீர்கள். சாயங்காலத்துக்கும் வார இறுதிக்கும் தனி மையம் இருக்கிறது. உயிருக்கு ஆபத்து என்றால் 112.

வெளிச்சம் இல்லாத மாதங்கள் பற்றி ஒரு சொல். டிசம்பர், ஜனவரியில் மனம் அழுந்தினால் அது உங்கள் பலவீனம் இல்லை. பகலில், மேகம் இருந்தாலும், அரை மணி நேரம் வெளியே நடங்கள். ஹார்டஸ் தாவரவியல் தோட்டம் 1590இல் தொடங்கியது, அங்கே கண்ணாடிக் கூடங்களுக்குள் நம்மூர்ப் புழுக்கம் இருக்கும். நான் அங்கே போய்ச் சும்மா உட்கார்ந்திருப்பேன். மூக்குக் கண்ணாடியில் ஆவி படிந்து, ஸ்வெட்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்ளும்போது உடம்பே தளர்கிறது.

21 பிப்ரவரி 2024

7.5 வாங்கினால் அழாதீர்கள். பத்துக்குத்தான் மதிப்பெண், 5.5 இருந்தால் தேர்ச்சி, 8 என்றால் ரொம்ப நல்லது, 10 என்பதை நான் கண்ணால் பார்த்ததில்லை. ஊரில் 95 வாங்கிப் பழகிய பிள்ளைகள் முதல் முடிவைப் பார்த்து உடைந்துபோகிறார்கள்.

நேரம்: கால அட்டவணையில் 11.15 என்று இருந்தால் 11.15க்குத் தொடங்கும். பாடம் ஒவ்வொன்றுக்கும் இத்தனை கிரெடிட் என்று இருக்கும், ஒரு கிரெடிட்டுக்கு 28 மணி நேர உழைப்பு என்று கணக்கு, வருடத்துக்கு 60. அதில் பாதியாவது எடுக்காவிட்டால் குடியிருப்பு அனுமதிக்கே ஆபத்து வரலாம். இதை யாரும் முதல் நாளில் அழுத்திச் சொல்வதில்லை, நான் சொல்கிறேன்.

16 மார்ச் 2024

நாகப்பட்டினத்துக்காரர் நீங்கள், இத்தனை நாளாகச் செப்பேடு பற்றிக் கேட்கவே இல்லையே என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நேற்று கேட்டுவிட்டீர்கள்.

ஆமாம், இதை எழுதுகிற 2024 மார்ச்சில் அவை இங்கேதான் இருக்கின்றன. ஆனைமங்கலம் செப்பேடுகள் என்றும் லெய்டன் செப்பேடுகள் என்றும் சொல்வது இந்தப் பல்கலைக்கழக நூலகத்தில் இருப்பதைத்தான். பெரிய தொகுதியில் 21 ஏடுகள், சின்னதில் 3. பெரியதில் 5 ஏடுகள் சமஸ்கிருதம், 16 தமிழ். உங்கள் ஊரில் ஸ்ரீவிஜய அரசர் கட்டிய சூடாமணி விகாரத்துக்கு ராஜராஜன் தன் 21ஆம் ஆட்சியாண்டில் ஆனைமங்கலத்தைக் கொடுத்தார். அதைச் செப்பேட்டில் வெட்டவைத்தது ராஜேந்திரன். சின்னது முதலாம் குலோத்துங்கன் காலத்தது. ஒரு சைவ அரசர், கடல்கடந்த அரசர் ஒருவர் கட்டிய பௌத்தப் பள்ளிக்கு ஊரை எழுதிவைத்த ஆவணம். 1658 முதல் 1781 வரை உங்கள் ஊரை டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி வைத்திருந்தது.

வந்தவுடன் போய்ப் பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள். கண்ணாடிப் பெட்டியில் வைத்து எல்லோருக்கும் காட்டுகிற பொருள் அல்ல, சிறப்புச் சேகரிப்பில் பூட்டி வைத்திருக்கிறார்கள். திருப்பித் தர வேண்டும் என்று இந்தியா கேட்டிருக்கிறது. தர வேண்டும் என்பதுதான் என் கருத்தும். நன்றாகப் பாதுகாத்தார்கள், அதற்கு நன்றி சொல்லலாம். ஆனால் அந்த எழுத்தைப் படிக்கிற மக்கள் இருக்கும் மண்ணில் அது இருக்க வேண்டும்.

தினமும் அந்த நூலகத்தில்தான் உட்கார்ந்து படிக்கிறேன். ஆனைமங்கலத்தின் நான்கு எல்லையையும் பெண்யானை நடத்தி வரைந்த தமிழ் அதே கட்டடத்துக்குள் இருக்கிறது என்ற நினைப்பு, தமிழ் பேச ஆளில்லாத நாட்களில் எனக்கு உண்மையாகவே துணையாக இருந்திருக்கிறது.

18 மார்ச் 2024

சுவர்க் கவிதைகள் பற்றி எழுத மறந்துவிட்டேன். 1992இல் தொடங்கி ஊர்ச் சுவர்களில் நூற்றுக்கு மேற்பட்ட கவிதைகளை அந்தந்த மொழியிலேயே, அந்தந்த எழுத்திலேயே வரைந்திருக்கிறார்கள். முதலாவது ரஷ்யக் கவிஞர் மரீனா ஸ்வெதாயெவாவுடையது. போர்ஹாவ அருங்காட்சியகச் சுவரில் ஐன்ஸ்டைனின் சமன்பாடு. சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தால் ஒரு ஞாயிறு போதும். வழிகாட்டி எதுவும் வேண்டாம், தொலைந்து போனால் பீட்டர்ஸ்கெர்க் என்ற பழைய தேவாலயத்தின் கூரையைப் பார்த்துத் திரும்பிவிடலாம்.

28 ஏப்ரல் 2024

நேற்று அரசர் பிறந்தநாள். ஊர் முழுக்க ஆரஞ்சு. அன்று யார் வேண்டுமானாலும் தெருவில் துணி விரித்துப் பழைய சாமான் விற்கலாம், அனுமதி வேண்டாம். குக்கர், மேசை விளக்கு, மழைக்கோட்டு எல்லாம் அங்கேதான் வாங்க வேண்டும். ஒரு சிறுவனிடம் இட்லித் தட்டு மாதிரி அவன் அம்மாவுடையது ஒன்று இருந்தது, பான்கேக் சுடுகிற குழிச்சட்டியாம். வாங்கிவிட்டேன். பணியாரம் பிரமாதமாக வருகிறது.

14 மே 2024

பகுதிநேர வேலை பற்றிய உங்கள் கணக்கு எனக்குக் கவலை தருகிறது. நமக்கு வாரம் 16 மணி நேரம் மட்டும், அல்லது ஜூன், ஜூலை, ஆகஸ்டில் முழுநேரம். அதற்கும் வேலை கொடுப்பவர் நமக்காக அனுமதி வாங்க வேண்டும். அந்த அலைச்சல் வேண்டாம் என்றே பலர் நம்மை எடுப்பதில்லை. வேலை கிடைத்துவிட்டால் டச்சு அடிப்படை மருத்துவக் காப்பீடு கட்டாயம், மாதம் 130 யூரோவுக்கு மேல். வருமானம் குறைவென்றால் அதில் பெரும்பகுதியை அரசு உதவித்தொகையாகத் திரும்பத் தரும், விண்ணப்பித்தால் மட்டும். ஆகவே முதல் வருட வாடகையை வேலையிலிருந்து கட்டுவேன் என்று திட்டம் போட்டுக் கடன் வாங்காதீர்கள். தயவுசெய்து.

நீல உறை வந்தால் வரித் துறை, அன்றே பிரியுங்கள். குப்பை வரி, நீர் வாரிய வரி என்று தாள் வந்தால் மாணவருக்குத் தள்ளுபடி கேட்கலாம். கடிதம் எல்லாம் டச்சில்தான் வரும். மொழிபெயர்ப்புச் செயலி சரிதான், ஆனால் தொகையும் கடைசித் தேதியும் உள்ள வரியை வீட்டில் ஒருவரிடம் காட்டிவிடுங்கள்.

2 ஜூன் 2024

இங்கே வீடுகளில் கழிப்பறைச் சுவரில் ஒரு காலண்டர் தொங்கும், வருடமே போடாத காலண்டர். வீட்டாருக்கு வேண்டியவர்களின் பிறந்தநாளை அதில் எழுதிவைப்பார்கள். எங்கள் வீட்டில் என் பெயர் மார்ச் பக்கத்தில் இருக்கிறது, நான் எழுதவில்லை. பிறந்தநாளன்று வட்டமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து, எனக்கு மட்டுமில்லாமல் என்னோடு இருக்கிற ஒவ்வொருவருக்கும் கை கொடுத்து வாழ்த்துச் சொன்னார்கள். "உன் வீட்டுத் தோழிக்குப் பிறந்தநாள், உனக்கு வாழ்த்துகள்" என்று. முதல் வருடம் அந்தச் சடங்கு வேடிக்கையாகப் பட்டது. இப்போது பிடித்திருக்கிறது. மறுநாள் கேக்குக்கான பங்கு 2 யூரோ சொச்சம் கட்டச் சொல்லி, பணம் கேட்டு அனுப்புகிற டிக்கி செயலியில் எல்லோருக்கும் வந்துசேர்ந்தது, அதுவும் இந்த ஊர்தான். அன்பில் குறை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், அன்றே கட்டிவிடுங்கள்.

வருகிற மாதம் ஆய்வேடு கொடுக்கிறேன். பட்டம் வாங்குகிறவர்கள் கல்விமண்டபத்தில் "வியர்வை அறை" என்ற சின்ன அறையின் சுவரில் கையெழுத்துப் போடலாம். அம்மா தமிழில் போடச் சொல்லியிருக்கிறார்.

11 ஜூன் 2024

சேர்க்கைக் கடிதம் வந்துவிட்டது என்று எழுதியிருந்தீர்கள், ரொம்ப சந்தோஷம். பல்கலைக்கழக ரூம் கிடைக்கவில்லை என்பதையும் பார்த்தேன்.

நான் ஆகஸ்டில் உத்ரெக்ட் போகிறேன், என் ரூம் காலியாகிறது. வழக்கமாக நேரில் வருகிறவர்களைத்தான் பார்ப்பார்கள். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களையும் வீடியோவில் பாருங்கள் என்று வீட்டில் பேசினேன், இரண்டு பேருக்குத் தயக்கம் இருந்தது, பிறகு ஒத்துக்கொண்டார்கள். வாக்கு எதுவும் நான் தரவில்லை, எனக்கு ஓட்டும் கிடையாது, மற்ற ஏழெட்டுப் பேரோடு நீங்களும் ஒருவர்.

வியாழன் 13ஆம் தேதி, இங்கே இரவு 7 மணி, உங்களுக்கு 10.30. ஐந்து நிமிடம் முன்னாலேயே தயாராக இருங்கள். மதிப்பெண் பற்றிப் பேசாதீர்கள். உங்கள் ஊர் மீன் குழம்பு எப்படி வைப்பது என்று கேட்டால் விவரமாகச் சொல்லுங்கள், இங்கே மூன்று பேர் மீன் சாப்பிடுவார்கள். இணைப்பைத் தனியாக அனுப்புகிறேன்.